ஒரு வயர் விடாத லப்டொப்

நிலாவெளிக் கூட்டாளி போன கிழமை கேட்டான்: "மச்சான், உன்ட அதே லப்டொப், பாவிச்சது ஒண்டு விலைக்கு வந்திருக்கு. எடுக்கலாமா?" போனில் சொல்லத் தொடங்கி முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. எழுதியே வைக்கிறேன்.

எந்த மொடல், எத்தனை ஜிபி என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். கீபோர்ட் அருமை. 2021 முதல் கணித வகுப்புக் குறிப்பெல்லாம் இதில்தான் அடிக்கிறேன், ஒரு எழுத்தும் அழியவில்லை. பற்றரி இன்றைக்கும் மூன்று மணித்தியாலம் தாங்கும். என் கோபமெல்லாம் வைஃபை மேல்.

திருகோணமலை உவர்மலையில் எங்களது பழைய வீடு. சுவர் ஒன்றரை அடி. ரவுட்டர் முன் விறாந்தையில், நான் வகுப்பு எடுப்பது பின் அறையில். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறிவிட்டால் இன்னும் மோசம். இருபடிச் சமன்பாட்டின் பாதியில் "சேர், ஸ்டக் ஆகிட்டீங்க" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அதே மேசையில் கிடக்கும் என் போனில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடும். வயிறு எரியும்.

செய்யாத வேலை இல்லை. வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளான 2.4 கிகாஹேர்ட்ஸையும், அதைவிட வேகமான 5 கிகாஹேர்ட்ஸையும் ரவுட்டரில் வேறு வேறு பெயரில் பிரித்தேன். அப்போதுதான் தெரிந்தது, இந்த லப்டொப்பின் கண்ணில் 5 படவே படாது. 2.4இல் அயல் வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் 6ஆம் சனலில், அதாவது அந்த அலைவரிசைக்குள் ஒரே பாதையில், நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. என்னுடையதை 1க்கு மாற்றினேன், கொஞ்சம் மூச்சு வந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைஃபை கார்டை நிறுத்தலாம் என்று விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் ஒரு பெட்டி இருக்கிறது. அதிலிருந்த சரி அடையாளத்தை எடுத்ததும், மூடித் திறந்தால் வைஃபை காணாமல் போகிற வருத்தம் நின்றது. இதை யாரும் முதலில் செய்து பாருங்கள், காசு செலவில்லை. ஆனாலும் இணைப்பு வேகம் 72 மெகாபிட்டுக்கு மேல் ஏறவே இல்லை.

போன மாதம் திரையின் பிணைச்சல் உடைந்து டவுன் கடைக்குக் கொண்டுபோனேன். உப்புக் காற்றில் அடிப்பக்க ஸ்குரூக்கள் துருவேறி, இரண்டு கழரவே மறுத்தன. ஒருவழியாகத் திறந்த தம்பி ரோச் அடித்துக் காட்டினான். முத்திரை அளவு வைஃபை கார்ட். அதிலிருந்து ஒரேயொரு கறுப்பு வயர், நூல் மாதிரி, திரைப் பக்கம் போகிறது. "சேர், ரெண்டு அன்ரனா வரவேண்டிய இடத்தில ஒண்டுதான் விட்டிருக்கிறாங்க."

இரண்டு அலைவரிசையும் பிடிக்கிற இன்டெல் ஏஎக்ஸ்200 வைஃபை கார்ட் போடச் சொன்னேன், 6,500 ரூபா. பழைய வயரோடு மட்டும் பூட்டிப் பார்த்தபோது 5 கிகாஹேர்ட்ஸில் 433 மெகாபிட் காட்டியது. பிறகு இரண்டாவது வயரைப் பிணைச்சல் வழியாக இழுத்து, திரைக்குப் பின்னால் அன்ரனாவை ஒட்டி, வயர் நுனியில் அரிசி மணியிலும் சின்ன மூக்கைக் கார்டில் நகத்தால் 'டிக்' என்று அமத்தினான். 866! அன்று பின்னேர வகுப்பில் ஒரு பிள்ளையும் கத்தவில்லை. பின் அறையில் இருந்து இரண்டு மணித்தியாலம் படிப்பித்துவிட்டு எழும்பியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது இது நான் பாவித்ததிலேயே நல்ல லப்டொப். ஆனாலும் மச்சான், எடுக்காதே. ஒரு வயரில் மிச்சம் பிடித்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. எடுத்தே தீருவேன் என்றால், காசு கொடுக்க முதல் அடிமூடியைக் கழற்றச் சொல்லி வயரை எண்ணு.