கிரசென்ட் தீவு, நைவாஷா ஏரி: ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்தில் நடந்து போகலாம்

கென்யா சஃபாரி என்றால் பெரும்பாலும் கூரை திறந்த வண்டிக்குள் நின்றுகொண்டு பார்ப்பதுதான். கீழே கால் வைக்க விடமாட்டார்கள். நைவாஷா ஏரியில் இருக்கும் கிரசென்ட் தீவுக்குப் போனால் கதையே வேறு. படகை விட்டு இறங்கி, வரிக்குதிரையும் இம்பாலா மானும் மேய்கிற அதே புல்தரையில் நடக்கலாம். சிங்கம், சிறுத்தை அங்கே குடியிருப்பதில்லை என்பதால்தான் இந்தச் சுதந்திரம். கென்யாவின் பெரிய வனவிலங்குக் காப்பகமான மாசாய் மாராவுக்கு இது மாற்று இல்லை, யானையும் சிங்கமும் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் நைரோபி வரை வந்தவர்கள் அரை நாள் ஒதுக்கிப் பார்த்தே ஆகவேண்டிய இடம்.

தனியார் பராமரிக்கும் சரணாலயம் இது. பழைய எரிமலை வாயின் விளிம்பில் ஒரு பகுதிதான் தண்ணீருக்கு மேலே தெரிகிறது, பிறை வடிவம் அதனால் வந்தது. பிறையின் உள்வளைவில்தான் ஏரியின் ஆழமான பகுதி. தண்ணீர் வற்றும் ஆண்டுகளில் தீவு கரையோடு ஒட்டிக்கொள்ளும். 2020-இல் ஏரி பெருகியபோது கரையோர வேலமரங்கள் மூழ்கிப் பட்டுப்போயின. படகு இப்படி நிற்கும் பட்டமரங்களுக்கு இடையே புகுந்து போகும்போது நீர்க்காகங்களையும் மீன்கொத்திகளையும் கிட்டத்தில் பார்க்கலாம்.

நைரோபியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரம் என்பார்கள், லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அதற்கு மேலும் ஆகும். விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள். அதற்கு முக்கியக் காரணம் காற்று. நைவாஷாவில் காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும், மதியத்துக்கு மேல் காற்று எழுந்து அலை அடிக்க ஆரம்பிக்கும். சின்னப் படகில் மாலை நேரத்தில் திரும்பினால் முழுக்க நனைவது நிச்சயம், கேமராவுக்கும் ஆபத்து. ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவையும் அதே நாளில் பார்ப்பதாக இருந்தால் தீவைக் காலையிலும் பூங்காவை மதியத்துக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள்.

மோய் சவுத் லேக் சாலையில் உள்ள விடுதிகளிலும் கேம்ப்களிலும் படகு கிடைக்கும். பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். "கிரசென்ட் தீவுக்கு இவ்வளவு" என்று சொல்லும் விலை பல நேரம் தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புவதற்கு மட்டும்தான். இறங்கி நடக்க நுழைவுக் கட்டணம் தனி, அதிலும் வெளிநாட்டவருக்கு அதிகம். அதனால் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: தீவில் இறக்கிவிடுவீர்களா, நுழைவுக் கட்டணம் இதில் சேர்ந்ததா, நாங்கள் நடந்து முடிக்கும்வரை காத்திருப்பீர்களா, விலை ஆளுக்கா படகுக்கா? பணத்தைத் திரும்பி வந்த பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்வது நல்லது. லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதும் கொக்கி சரியாக மாட்டுகிறதா என்று பாருங்கள். பிய்ந்திருந்தால் வேறு கேளுங்கள்.

நம் ஊர் ஏரிகளை அடைக்கும் ஆகாயத்தாமரை இங்கேயும் பெருந்தொல்லை. மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொண்டால் படகோட்டி மோட்டாரைத் தூக்கிப் பிடித்துக் கையால் பிய்த்து எடுப்பார். அந்த நேரத்தில் எழுந்து நிற்காதீர்கள், தண்ணீரில் கை விடாதீர்கள். நீர்யானைக் கூட்டம் கரையை ஒட்டிய ஆழமில்லாத இடத்தில் கிடக்கும். "இன்னும் கொஞ்சம் பக்கத்தில போங்க" என்று படகோட்டியை ஒருபோதும் நச்சரிக்கக் கூடாது. மூழ்கிய நீர்யானை எங்கே எழும் என்று யாராலும் சொல்ல முடியாது, படகுக்கு அடியில் எழுந்தால் கவிழ்த்துவிடும். தீவிலும் உண்மையான அபாயம் இதுதான். தண்ணீரை ஒட்டிய புதர் ஓரமாக நடக்காதீர்கள். கரையேறி நிற்கும் நீர்யானைக்கும் ஏரிக்கும் நடுவே ஆள் நின்றால் அது பாய்ந்து வரும்.

வழியில் மீன்கழுகு காட்சி ஒன்று உண்டு. படகோட்டி செத்த மீனுக்குள் பாப்பிரஸ் கோரைத் தண்டைச் செருகி மிதக்க வைப்பார், விசில் அடித்ததும் கழுகு மரத்திலிருந்து சரிந்து வந்து கால் நகத்தால் கொத்திக்கொண்டு போகும். படம் எடுக்க அருமையான தருணம்தான். ஆனாலும் காட்டுப் பறவையை இப்படிப் பழக்குவது எங்களுக்கு உடன்பாடில்லை, வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்.

நடைக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள், டிக்டிக் மான் புதருக்குள் அசையாமல் நிற்பதை அவர் காட்டினால்தான் தெரியும். வாட்டர்பக் மானைப் பின்புறத்து வெள்ளை நிறத்தை வைத்தே அடையாளம் காணலாம். ஒட்டகச்சிவிங்கி வேலமரக் கிளையில் நாக்கைச் சுற்றி, முள்ளை ஒதுக்கி இலையை மட்டும் உருவுவதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். அது மெல்லுவதை நிறுத்தி உங்களையே உற்றுப் பார்த்தால், நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மெதுவாகப் பின்வாங்குங்கள், அதன் உதை உயிரையே வாங்கும். குட்டியோடு இருப்பவற்றுக்கு இன்னும் அதிக இடைவெளி விடுங்கள். ரப்பர் செருப்பில் வேலமுள் நேராக ஏறிவிடும், அடி தடித்த ஷூ கட்டாயம். ஏரி சுமார் 1,880 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும், பத்து மணிக்கு மேல் தொப்பி இல்லாமல் முடியாது. மார்ச் முதல் மே வரை நல்ல மழை, பாதை சேறாகிவிடும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்க வேண்டாம். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், டிக்கெட் எடுத்த வாரமே விசாரித்துவிடுங்கள்.