எம்.எஸ். உள்ளவர்களுக்கான கூலிங் வெஸ்ட்: சென்னை வெயிலுக்கு எது சரிப்படும்?

கத்திரி வெயிலில் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்றாலே, எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் பலருக்குக் கால் துவண்டுவிடும், பார்வை மங்கும். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்த இடத்தில், உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே மின்துடிப்பு கடந்துபோகத் திணறுகிறது. 1890இல் இதை விவரித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹாஃபின் பெயரில்தான் மருத்துவர்கள் இன்றும் இதைச் சொல்கிறார்கள். உடம்பு குளிர்ந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இது நோயின் புதிய தாக்குதல் அல்ல.

உடம்பைக் குளிர்விக்கப் போடும் கையில்லாத மேலுடையான கூலிங் வெஸ்ட் இந்த ஒரு தொல்லைக்குத்தான். நாசாவின் பங்களிப்போடு நடந்து 2003இல் வெளியான ஆய்வில், குளிரூட்டிய பிறகு நடையிலும் பார்வையிலும் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் சிறிதளவே. நோய் முற்றுவதை இது தடுக்காது. இன்டர்ஃபெரானோ ரிடுக்ஸிமாபோ எடுப்பவர்கள் வெஸ்ட்டை நம்பி மருந்தைத் தள்ளிப்போடவே கூடாது.

மலிவானது, தண்ணீரில் நனைத்துப் போடும் வகை. கடலோர ஊர்களுக்கு இதை வாங்காதீர்கள். நீர் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சி காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. 35 டிகிரி வெயில், 65 சதவீத ஈரப்பதம் என்றால் நனைந்த துணி எவ்வளவு முயன்றாலும் 29 டிகிரிக்குக் கீழே இறங்காது. 38 டிகிரி வெயிலானாலும் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் 24 வரை இறங்கும். அதனால் உள்மாவட்டங்களின் வறண்ட வெயிலுக்கு இது பரவாயில்லை. அங்கேயும் சட்டைக்கு மேலேதான் போட வேண்டும், உள்ளே போட்டால் ஆவியாக வழியில்லை.

ஃப்ரீஸரில் உறைய வைக்கும் ஐஸ் ஜெல் வகை நன்றாகக் குளிரூட்டும், ஆனால் ஆபத்தும் அதில்தான். எம்.எஸ்.ஸில் தோல் மரத்துப்போயிருந்தால் குளிர் சுடுவது தெரியாது. சிலருக்கு அதிகக் குளிரால் தசை இறுக்கமும் கூடிவிடும்.

சென்னைக்குப் பொருந்துவது பேஸ் சேஞ்ச் வகை. இதன் பாக்கெட்டுக்குள் இருக்கும் மெழுகு போன்ற பொருள் குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகி, அப்போது உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 15, 21, 28 டிகிரிகளில் உருகும் வகைகள் உண்டு. தோலின் சூடு 33 டிகிரியை ஒட்டி இருப்பதால் 28 டிகிரி வகை பெயருக்குத்தான் குளிரும். வெயிலில் நடப்பவர்களுக்கு 15, குளிர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 21. ஒன்றரைக் கிலோ பொருள் முழுதும் உருக ஏறத்தாழ 300 கிலோஜூல் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு அது 40 வாட் அளவு. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பே 100 வாட் அளவு சூட்டை உண்டாக்குகிறது என்பதால் அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் அந்த அரை டிகிரி ஏறாமல் தடுக்க இது பெரிய துணை.

15 டிகிரி பாக்கெட்டுகளைப் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிறைந்த வாளியில் அரை மணி நேரம் முக்கினால் கெட்டியாகிவிடும். கரன்ட் போனாலும் கடை ஐஸ் போதும். ஃப்ரிட்ஜில் வைப்பதானால் இரவு முழுக்க, அதுவும் தட்டையாக வைக்க வேண்டும். மடங்கி உறைந்தால் பலகைபோல விறைத்து முதுகில் படியாது. ஃப்ரீஸரிலிருந்து எடுத்ததை உடனே போடாதீர்கள், அதன் குளிர் தணியச் சற்று நேரம் வெளியே வையுங்கள். தொட்டுப் பார்ப்பது, உணர்ச்சி சரியாக உள்ள வேறொருவரின் கையாக இருக்கட்டும்.

மெல்லிய பருத்தி பனியனுக்கு மேல் வெஸ்ட், அதற்கு மேல் தளர்வான சட்டை. பக்கவாட்டுப் பட்டியை இழுத்து உடம்போடு ஒட்டவைக்க வேண்டும், இடையில் காற்று புகுந்தால் குளிர்ச்சி வீண். புடவைக்கு முந்தானை மடிப்பு இடைஞ்சல், சல்வாருக்கு மேல் எளிது. வெளியே கிளம்ப அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டால் பலன் அதிகம். காற்றிலுள்ள ஈரம் பாக்கெட்டில் வியர்த்து பனியனை நனைக்கும். மாற்றுப் பனியன் ஒன்று பையில் இருக்கட்டும்.

சிறுநீர் அடக்க முடியாமைக்கு ஆக்ஸிபியூட்டினின் எடுப்பவர்களுக்கு வியர்வை குறையும், அதனால் சூடு சீக்கிரம் ஏறும். அடிக்கடி கழிப்பறை போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்தால் இன்னும் மோசம். வெயிலில் போகாத நாளிலும் திடீரென நடை தளர்ந்தால், வெஸ்ட்டைத் தேடுவதற்கு முன் காய்ச்சல் இருக்கிறதா, சிறுநீர்த் தொற்றா என்று பாருங்கள். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்ட பிறகே வாங்கலாம்.

கடையில் ஜிப் வேண்டாம், அகலமான வெல்க்ரோ கேளுங்கள். மரத்த விரலால் தனியே மாட்டிக் கழற்ற வருகிறதா என்று அங்கேயே பாருங்கள். இவை பெரும்பாலும் பழுதாவது பாக்கெட்டின் ஒட்டுத் தையலில்தான். மாதம் ஒருமுறை, உருகிய பாக்கெட்டைத் துடைத்து வெள்ளைத் தாளின்மேல் இரவு முழுக்க வையுங்கள். மெழுகு வகையில் காலையில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அந்தப் பாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதும், தனியாக விற்பவர்களிடமே வாங்குங்கள்.