போனிலிருந்து நிரலுக்கு நேரடி இருப்பிடம்: ஓன்ட்ராக்ஸ், மொஸ்கிற்றோ நீண்டகாலப் பாவனை

போனின் ஜிபிஎஸ் புள்ளியைக் கணினி நிரலுக்கு அனுப்பி வைப்பது அரை மணித்தியால வேலை. வந்த புள்ளி எவ்வளவு பழசு என்று நிரலுக்குத் தெரிய வைப்பதில்தான் மிச்சப் பாடு முழுக்கக் கிடக்கிறது. பொருள் விநியோகிக்கும் மோட்டார் சைக்கிளோ, பாடசாலை வானோ, தீவுப்பக்கப் படகோ, எதற்கும் இந்த அமைப்பு தாங்கும்: அன்ட்ரொயிட் போனில் ஓன்ட்ராக்ஸ் செயலி, நடுவில் மொஸ்கிற்றோ என்ற எம்கியூடிடி (சிறு செய்திகளைக் கைமாற்றும் நெறிமுறை) சேவையகம், மறுமுனையில் பைதன் நிரல். மூன்றும் இலவசம்.

மொஸ்கிற்றோவை வீட்டுக் கணினியில் வைக்க வேண்டாம். மின்வெட்டு ஒரு பக்கம் இருக்க, 4ஜி றவுட்டருக்குப் பெரும்பாலும் தனிப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. பல வீடுகள் ஒரே முகவரியின் பின்னால் நிற்பதால், போர்ட்டை (இணைப்பு வரும் இலக்கமிட்ட வாசலை) திறந்து விட்டாலும் வெளியில் இருந்து எதுவும் உள்ளே வராது. மாத வாடகைக்குக் கிடைக்கும் ஆகச் சின்ன கிளவுட் சேவையகமே போதும். 512 எம்பி நினைவகத்தில் மொஸ்கிற்றோ சோம்பல் முறித்துக்கொண்டு கிடக்கும்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து நிறுவுபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று. 2.0 பதிப்பிலிருந்து, அமைப்புக் கோப்பில் எந்தப் போர்ட்டில் கேட்க வேண்டும் என்று எழுதாவிட்டால் மொஸ்கிற்றோ தன் சொந்தக் கணினிக்குள் இருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். போர்ட்டை எழுதினால் கடவுச்சொல் கோப்பும் வேண்டும். 1883 மறைகுறியாக்கம் இல்லாத போர்ட், அதை விட்டுவிட்டு 8883 இல் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கத்தைப் போடுங்கள். ஒருவர் எங்கே நிற்கிறார் என்ற தகவல் திறந்தபடி போகக்கூடாது. பைதன் பக்கம் எம்கியூடிடி பேசும் பாஹோ நூலகமும் 2.0 இல் மாறிவிட்டது: கிளையன்ரை உருவாக்கும்போதே எந்தக் கோல்பக் (செய்தி வந்ததும் நூலகம் அழைக்கும் செயற்கூறு) பதிப்பு என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய நிரல் பிழை காட்டி நின்றுவிடக்கூடும்.

போனில் மூன்று இடங்களைத் தொட வேண்டும். இருப்பிட அனுமதி ‘எப்போதும்’ என்று இருக்க வேண்டும், துல்லிய இருப்பிடமும் ஓனில். பற்றரி அமைப்பில் இந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு இல்லை என்று தெரிய வேண்டும். செயலியின் நிலையான அறிவிப்பை மூடக்கூடாது: அன்ட்ரொயிட் 8 முதல், பின்னணியில் கிடக்கும் செயலிக்கு மணிக்கு ஒருசில தடவைதான் இருப்பிடம் கிடைக்கும், அந்த அறிவிப்புத்தான் அதற்கு விலக்கு வாங்கித் தருகிறது. இவ்வளவு செய்தும் சில நிறுவனங்களின் போன்கள் திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் செயலியைக் கொன்றுவிடும். அப்படியானவற்றில் ‘தானாகத் தொடங்கு’ என்ற அனுமதி தனியாக ஒளிந்திருக்கும்.

டேற்றாவுக்குப் பயப்படத் தேவையில்லை. ஒரு செய்தி 200 பைட், 10 விநாடிக்கு ஒன்று என்று வைத்தால் மணிக்கு 72 கேபிதான். மேலதிகச் சுமையைச் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் அற்பம். பற்றரிதான் உண்மையான செலவு. நாள் முழுக்கச் செயலியை, அடிக்கடி புள்ளி அனுப்பும் ‘நகர்வு’ நிலையில் விட்டால் மாலைக்குள் சார்ஜர் தேட வைக்கும், ஆகவே வாகனத்தில் சார்ஜ் ஏறும்போது மட்டும் அதைப் போடுவது நல்லது.

இனி நேரம். குறிகட்டுவானில் ஏறி நெடுந்தீவு போகும் படகில் சிக்னல் அறுந்தால், செயலி புள்ளிகளைச் சேர்த்து வைத்துத் தொடர்பு வந்ததும் மொத்தமாகக் கொட்டும். வந்த நேரத்தை வைத்து வேகம் கணக்கிடும் நிரல், படகை விமானமாக்கிவிடும். ஒவ்வொரு செய்தியிலும் புள்ளி எடுக்கப்பட்ட நேரம் 1970 முதலான விநாடிகளாக இருக்கிறது. அதை வைத்தே வரிசைப்படுத்துங்கள், இலங்கை நேரத்துக்கு 5 மணித்தியாலம் 30 நிமிடம் கூட்டுவதைக் காட்டும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். ஓன்ட்ராக்ஸ் கடைசிச் செய்தியைச் சேவையகத்தில் தக்கவைக்கவும் செய்யும். நிரலைத் திரும்பத் தொடங்கிய நொடியிலேயே வரும் முதல் புள்ளி நேற்றையதாகவும் இருக்கலாம். இரண்டு நிமிடத்துக்கு மேல் பழசானதை ‘இப்போது’ என்று காட்டாமல் சாம்பல் நிறத்தில் காட்டினால் போதும்.

ஒவ்வொரு புள்ளியோடும் வரும் துல்லிய மதிப்பு (எத்தனை மீற்றர் பிழைக்கலாம் என்பது) 50 மீற்றரைத் தாண்டியதைத் தள்ளிவிடலாம். பண்ணைப் பாலத்து வெட்டவெளியில் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், கட்டடத்துக்குள் செல் கோபுரத்தை நம்பினால் ஆயிரத்தையும் தாண்டும். வரைபட நூலகங்கள் சில நெட்டாங்கை முதலில் கேட்கும், அவற்றுக்கு 9.66, 80.02 என்று அகலாங்கை முதலில் வைத்துக் கொடுத்தால் யாழ்ப்பாணம் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும். உயரம் மறை 90 மீற்றருக்கும் கீழே காட்டினால் போனைக் குறை சொல்லாதீர்கள். அன்ட்ரொயிட் தரும் அடிப்படை உயரம் நீள்வட்டத் திண்மத்திலிருந்து (பூமிக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கும் ஒழுங்கான உருவத்திலிருந்து) அளந்தது, எங்கள் பக்கத்தில் கடல்மட்டமே அதற்கு அவ்வளவு கீழே கிடக்கிறது.

விநாடிக்கு ஒரு புள்ளி வேண்டுமென்றால் இந்த அமைப்பு சரிவராது. போனும் மடிக்கணினியும் ஒரே வைஃபையில் இருக்க, என்எம்இஏ வரிகளை (ஜிபிஎஸ் கருவிகளின் பொதுவான எழுத்து வடிவத் தரவை) யூடிபி என்ற வலையமைப்பு நெறிமுறை வழியாக அனுப்பும் செயலியைப் போட்டு, லினக்ஸில் ஜிபிஎஸ்டி என்ற பின்னணிச் சேவை அவற்றை வாங்கும்படி செய்யுங்கள். நிரல்கள் 2947 போர்ட்டில் இருந்து எடுத்துக்கொள்ளும்.