420 மணி நேரத்தில் சிறைக் காவலர்: புளோரிடா கல்லூரிப் பயிற்சி பற்றி ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சான்றிதழ் பெற்ற சிறைக் காவலராக வேண்டும் என்றால், அது மாநிலச் சிறையானாலும் சரி, கவுண்டி எனும் மாவட்டத்தின் காவல் தலைவரான ஷெரீஃப் நடத்தும் ஜெயிலானாலும் சரி, மாநில அரசு வகுத்துள்ள அடிப்படைப் பயிற்சியை முடித்து, அதற்குரிய தேர்விலும் தேற வேண்டும். இந்தப் பயிற்சியை நடத்தும் நிலையங்களில் பல சமுதாயக் கல்லூரிகளைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவை இப்போது ‘ஸ்டேட் காலேஜ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டுவிட்டாலும், அங்கே படிப்பவர்களும் கல்லூரியின் நோக்கமும் பெரிதாக மாறவில்லை. அப்படியொரு கல்லூரியின் மாலை நேர வகுப்பில் படித்துத் தேறி, இன்று ஒரு கவுண்டி ஜெயிலில் வேலை பார்க்கும் நிலையிலிருந்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். சட்டம் கற்பிப்பதிலும் அறிக்கை எழுதப் பழக்குவதிலும் இந்தப் பயிற்சி நன்றாகவே இருக்கிறது. ஆனால் வேலையின் பெரும்பகுதி எதுவோ அதற்கு இது ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு.

முதலில் தகுதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம்மவர்கள் பலர் இந்த இடத்திலேயே தடுக்கப்பட்டுவிடுவார்கள். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு போதாது. உயர்நிலைப் பள்ளிப் படிப்போ அதற்கு இணையான சான்றோ இருக்க வேண்டும். கடுங்குற்றத் தண்டனை எதுவும் இருக்கக் கூடாது. பொய்ச்சாட்சி, பொய் வாக்குமூலம் போன்றவற்றில் சிறு குற்றமாகத் தண்டனை பெற்றிருந்தாலும் கதவு மூடிவிடும். கைரேகைச் சோதனையும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. 2019 முதல் 18 வயது நிரம்பியவர்களையும் சிறைக் காவலர் பணிக்கு எடுக்கிறார்கள். சேர்க்கைக்கு முன் அடிப்படைத் திறன் தேர்வு ஒன்று இருக்கிறது. இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டமோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் 2022 முதல் அதிலிருந்து விலக்கு அளித்திருக்கிறார்கள்.

நான் படித்த பாடத்திட்டம் மொத்தம் 420 மணி நேரம். திட்டத்தை அவ்வப்போது திருத்துகிறார்கள் என்பதால் இன்று சேருபவர் தம் கல்லூரியில் புதிய எண்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. அந்த 420இல் துப்பாக்கிப் பயிற்சிக்கு 80 மணி, தற்காப்புக்கும் கைதியை அடக்கும் முறைகளுக்கும் 80 மணி, முதலுதவிக்கு 40 மணி, உடற்பயிற்சிக்கு 30 மணி. எஞ்சிய 190 மணி நேரத்துக்குள் சட்டம், பேச்சும் எழுத்தும், சாவியும் கருவிகளும், கைதியைச் சேர்ப்பது, விடுவிப்பது, கண்காணிப்பது, கலவரத்தையும் தீயையும் எதிர்கொள்வது என்று எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் இறுதித் தேர்விலும் 80 விழுக்காடு எடுக்க வேண்டும் என்பதால் ஏனோதானோவென்று யாரும் படிக்க முடியாது.

துப்பாக்கிப் பயிற்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயிற்றுநர்கள் பொறுமையானவர்கள், வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத என்னைப் போன்றவர்களைத் தனியே நிறுத்தி, பிடியிலிருந்தே சொல்லிக்கொடுத்தார்கள். எனினும், சிறையின் சுற்றுவேலிக்குள் காவலர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதும் அதே பயிற்சி சொல்லித்தரும் பாடம்தான். ஒரு காவலர் ஐம்பது அறுபது கைதிகளுக்கு நடுவே நிற்கும் இடத்தில், அவர் இடுப்பில் இருக்கும் ஆயுதம் எவர் கைக்கும் போய்விடலாம். வெளிவேலிக் காவல், கைதியை நீதிமன்றத்துக்கோ மருத்துவமனைக்கோ கொண்டுபோவது போன்ற பணிகளில் மட்டுமே துப்பாக்கிக்கு வேலை. அந்தப் பணிகளில் தவறு நேர்ந்தால் உயிர்போகும் என்பதால் 80 மணி தேவைதான் என்று வாதிடலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மனநோயாளிகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் ஆகியோரைக் கண்காணிக்கும் பாடத்துக்கு வெறும் 20 மணி என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குறை தெரிகிறது.

தற்காப்புப் பாடம் இன்றும் எனக்குத் தினமும் பயன்படுகிறது. அடிதடிக்காக அல்ல, கைவிலங்கு மாட்டுவதற்காக. சாவித்துளை எந்தப் பக்கம் இருக்க வேண்டும், மணிக்கட்டுக்கும் விலங்குக்கும் இடையே விரல் நுனி நுழையும் அளவு இடைவெளி எப்படி விடுவது, மாட்டிய பிறகு இரண்டாம் பூட்டை ஏன் மறக்கவே கூடாது என்பதையெல்லாம் கை தானாகச் செய்யும்வரை பழக்கினார்கள். இரண்டாம் பூட்டுப் போடாவிட்டால், கைதி வண்டியில் சாய்ந்து உட்காரும்போது விலங்கு தானாகவே இறுகி நரம்பை நசுக்கிவிடும். காயமும் புகாரும் அங்கிருந்துதான் தொடங்கும். மிளகுத் தெளிப்பானை நம் முகத்திலேயே அடித்து, கண் திறக்க முடியாத நிலையில் சில செயல்களைச் செய்யச் சொல்லும் பயிற்சியும் உண்டு. எரிச்சல் அன்றைக்கே போய்விடும் என்று நம்பி வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளிக்காதீர்கள் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

பயிற்சியின் சிறந்த பகுதி சட்டப் பாடம். டெக்சஸ் சிறையில் பஞ்சுப் பொதி விழுந்து காயமடைந்த கைதி தொடுத்த எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில், கைதியின் கடுமையான மருத்துவத் தேவையை அறிந்தும் பொருட்படுத்தாமல் இருப்பது கொடூரத் தண்டனைக்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் 1976இல் சொன்னது. வகுப்பில் இதைத் தீர்ப்பாக மட்டும் படிக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு கைதி நெஞ்சு வலிக்கிறது என்கிறார், அவர் நேற்றும் அதையே சொன்னார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, ஒவ்வொருவரையும் எழுந்து பதில் சொல்ல வைத்தார்கள். “நடிக்கிறாரா இல்லையா என்று முடிவுசெய்ய உங்களுக்குச் சம்பளம் இல்லை, செவிலியரை அழைக்கத்தான் சம்பளம்” என்று பயிற்றுநர் சொன்னது இன்றும் எனக்கு வழிகாட்டுகிறது. வழக்கறிஞரிடமிருந்து கைதிக்கு வரும் கடிதத்தைக் கைதியின் கண்முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்ற விதியை விளக்கும்போது, புளோரிடாச் சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிய கிடியனின் கதையைச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்ற 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்த மனுவிலிருந்து பிறந்தது. உள்ளூர்ச் சிறைக் கதை என்பதால் வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அறிக்கை எழுதும் பயிற்சியும் தரமானது. ‘கைதி ஆத்திரமாக இருந்தார்’ என்று எழுதினால் சிவப்பு மையில் அடித்துத் திருப்பித் தந்துவிடுவார்கள். முட்டியை மடக்கியிருந்தார், இரண்டடி தூரத்துக்கு நெருங்கி வந்தார், இன்ன வார்த்தையை இத்தனை முறை கத்தினார் என்று கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுத வேண்டும். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்கு இது கடினம் என்று சிலர் அஞ்சுவார்கள். உண்மையில் சிறு சிறு வாக்கியங்களில் நடந்ததை நடந்த வரிசையில் எழுதத் தெரிந்தால் போதும். அலங்கார ஆங்கிலம் தெரிந்தவர்கள்தாம் எங்கள் வகுப்பில் அதிகம் திணறினார்கள்.

இனி அந்த 20 மணி நேரத்துக்கு வருகிறேன். 2012இல் மயாமிக்குத் தெற்கே உள்ள டேட் சிறையில், மனநோய் கொண்ட டாரன் ரெய்னி என்ற கைதி, மிகச் சூடான நீர் வரும் குளியலறையில் அடைக்கப்பட்ட பிறகு இறந்தார். யார் மீதும் குற்ற வழக்குத் தொடரப் போவதில்லை என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2017இல் அறிவித்தது. இந்த மாநிலத்தில் சிறைக் காவலர் பயிற்சி பெறும் எவரும் இந்த நிகழ்வை ஒரு முழு நாள் வைத்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் வகுப்பில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. கட்டாய மனநலப் பரிசோதனைக்கு வழிசெய்யும் பேக்கர் சட்டத்தின் விதிகளை, 72 மணி நேரக் கெடு உட்பட, மனப்பாடம் செய்தோம். ஆனால் காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் ஒருவரிடம் என்ன தொனியில் பேசுவது, அவர் பதிலே சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை நடித்துப் பழகியது ஒரே ஒரு மாலைதான். ஜெயிலில் என் பணி நேரத்தில் பெரும்பகுதி இத்தகையவர்களுடன்தான் கழிகிறது. கைதிகளை எண்ணும் கணக்கெடுப்பின்போது போர்வைக்குள் இருப்பது உயிருள்ள, மூச்சு விடுகிற உடல்தான் என்று கண்ணால் கண்ட பிறகே எண்ண வேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது நல்ல பாடம். மூச்சு விடுகிறவர் நாளைக்கும் மூச்சு விட வேண்டும் என்றால் இன்று அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைப் பணியில் சேர்ந்த பிறகு மூத்த காவலர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பயிற்சி வாய்திறக்காத இன்னொரு விஷயம் ஆள் பற்றாக்குறை. மாநிலச் சிறைகளில் காவலர்கள் போதாமல் 2022இல் ஆளுநர் தேசியக் காவல் படையையே அனுப்ப வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணி நேரப் பணி முடிந்தபின் மாற்று ஆள் வராமல் நின்றுவிடுவது, அந்தக் களைப்பில் கைதியிடம் வார்த்தை தடிப்பது, மாநிலச் சிறைகளின் பெரும்பாலான கட்டடங்களில் குளிர்சாதனம் இல்லாத ஆகஸ்ட் மாதப் புழுக்கம் ஆகியவற்றைச் சொன்னால் ஆட்கள் சேர மாட்டார்கள் என்று கல்லூரி நினைக்கிறதோ என்னவோ. சொல்லியிருந்தால், வேலைக்குப் போன சில மாதங்களிலேயே விலகிய என் வகுப்புத் தோழர்கள் தங்கள் பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தியிருப்பார்கள்.

செலவு விஷயத்தில் நான் படித்த கல்லூரி மீது எனக்கு வருத்தம் உண்டு. படிப்புக் கட்டணத்தை மட்டும் விளம்பரத்தில் போட்டுவிட்டு, சீருடை, தோட்டா, காலணி, மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவைச் சேர்ந்த பிறகே சொன்னார்கள். மாநிலச் சிறைத்துறையோ ஒரு ஷெரீஃப் அலுவலகமோ முதலிலேயே வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் வழியும் இருக்கிறது. எங்கே வேலை பார்ப்பது என்று உறுதியாக முடிவு செய்தவர் அந்த வழியில் போவதே புத்திசாலித்தனம். ஆனால் இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்க்க வேண்டும். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, இந்தத் தொழில் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க நினைப்பவருக்குச் சொந்தச் செலவில் மாலை வகுப்பே பொருத்தம்.

பயிற்சி முடிந்தபின் எழுதும் மாநிலச் சான்றிதழ்த் தேர்வு கணினியில் நடக்கிறது. மூன்று முறைக்குள் தேற வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சியை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பாடப்புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவருக்கு இது பெரிய தடையாக இருக்காது. இந்தச் சான்றிதழ் மாநிலச் சிறைக்கும் கவுண்டி ஜெயிலுக்கும் செல்லும். சம்டர் கவுண்டியின் கோல்மன் வளாகம் போன்ற மத்திய அரசுச் சிறைகளுக்கு ஆள் எடுக்கும் முறையே வேறு. அவர்கள் தங்கள் ஊழியர்களை ஜார்ஜியாவின் கிளின்கோவுக்கு அனுப்பித் தாங்களே பயிற்றுவிக்கிறார்கள். ஆகவே அங்கே போவதுதான் இலக்கு என்றால் இந்தக் கல்லூரிப் பயிற்சிக்குப் பணம் கட்டத் தேவையில்லை.