மோர்ஸ், குரல், எஃப்டி8, செயற்கைக்கோள்: எது கடைசிவரை கூட வரும்?

பக்கத்து வீட்டுப் பையன் ஹாம் பரீட்சை, அதாவது பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோ நிலையம் வைத்துப் பேசுவதற்கான பரீட்சை, பாஸ் செய்துவிட்டான். லைசென்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே, "மாமா, மோர்ஸ், குரல், எஃப்டி8, செயற்கைக்கோள் என்று நாலு வழி இருக்கிறது, இருக்கிற காசுக்கு ஒன்றுதான் எடுக்க முடியும், எதை எடுக்க?" என்று வந்து நின்றான். ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் நிறையப் பேர், ஐந்து வருடம் கழித்தும் ரேடியோவை ஆன் செய்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். விட்டுப்போனவர்களில் நான் பழகிய பலருக்கு ஆசை குறையவே இல்லை, முதலில் எடுத்த வழி அவர்களுடைய வீட்டுக்கும் வயதுக்கும் ஒத்துவராமல் போனது, அவ்வளவுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து முப்பது வருடத்துக்குப் பக்கம் ஆகிறது. இருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், சின்ன மனை, மதில் மேல் மின்வேலி, ஆன்டெனா கம்பியில் வந்து ஊஞ்சலாடும் குரங்குக் கூட்டம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எந்த முறை நல்லது என்பதில் பாதி, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

குரலில் இருந்து தொடங்கலாம், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். 100 வாட் ரேடியோ ஒன்று, 20 மீட்டர் அலைவரிசைக்கு (மீட்டர் என்பது அலையின் நீளம்) அளந்து வெட்டிய டைபோல் என்கிற ஆன்டெனா கம்பி ஒன்று, போதும். நம் மாலை 5 மணி என்றால் இந்தியாவில் இரவு 8:30, அங்கே சாப்பிட்டுவிட்டு ரேடியோ முன்னால் வந்து உட்காரும் நேரம். டர்பனுக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 7,100 கிலோமீட்டர். அத்தனை தூரத்தைத் தாண்டி ஒரு மதுரைக்காரர் "என்ன அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும்போது வரும் சந்தோஷத்தை வேறு எந்த முறையும் எனக்குத் தந்ததில்லை. எதிர்வீட்டுத் தாத்தா நாலு தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பம், தேவாரம் பாடுவார், ஆனால் தமிழில் பேச வராது. அவர் பல மாலை என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தக் குரல்களை மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆபத்துக் காலத்திலும் குரலுக்கு ஈடு கிடையாது. 2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமானில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவும் அங்கிருந்து தகவல் அனுப்பியதை நம் தலைமுறை ஹாம்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

ஆனால் குரலுக்கு மூன்று எதிரிகள் உண்டு. முதலாவது இரைச்சல். மின்வேலி ஒவ்வொரு விநாடிக்கும் "டக், டக்" என்று ரிசீவரில் அடிக்கும். லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, மோசமாக இருந்த 2022, 2023இல் ஒரு விசித்திரம் நடந்தது: கரண்ட் போனதும் தெரு முழுக்க இருந்த இரைச்சலும் சேர்ந்து போய், பேட்டரியில் ரேடியோவைப் போட்டால் அலைவரிசை கிணற்றடி மாதிரி அமைதியாக இருக்கும், வழக்கமாகக் கேட்காத நிலையங்கள் எல்லாம் கேட்கும். அப்புறம் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது, அந்த அமைதியும் போனது. இரண்டாவது சூரியன். சூரியப் புள்ளிகள் கூடினால்தான் மேல்வானம் நம் அலைகளை நன்றாகத் திருப்பி அனுப்பும். சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும், 2019 கடைசியில் அடிமட்டத்தில் கிடந்தபோது 10 மீட்டரில் பல நாள் ஒரு குரல்கூடக் கேட்கவில்லை, 2024இல் உச்சத்துக்கு வந்தபோது அதே அலைவரிசை சந்தைக்கடை மாதிரி இருந்தது. மூன்றாவதை யாரும் பேசுவதில்லை, அது நம் காது. வயதாகும்போது உயர்ந்த சுருதிகள்தான் முதலில் மங்கும், ச, த, க மாதிரி மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவுவது அந்தச் சுருதிகள்தான். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிடிப்பது ஐம்பத்தைந்துக்கு மேல் எனக்கே கஷ்டமாகிவிட்டது.

எஃப்டி8 பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்பியலில் நோபல் வாங்கிய ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் கொண்டுவந்த டிஜிட்டல் முறை. கம்ப்யூட்டர் 15 விநாடி அனுப்பும், 15 விநாடி கேட்கும், காதுக்கு ஒன்றுமே தெரியாத அளவு பலவீனமான சிக்னலையும் பிரித்தெடுத்துவிடும். அந்த 2019 வறட்சியில் நிறையப் பேரை இந்தப் பொழுதுபோக்கில் தக்கவைத்தது இதுதான், அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். மாடிக் குடியிருப்பில் பால்கனியில் கம்பி கட்டியவருக்கும், மைக்கைப் பிடித்தால் வாய் வராத கூச்சக்காரருக்கும் இது நல்ல வாசல். ஆனால் போய்வருவது கால் சைன் (ஹாமின் அடையாளப் பெயர்), சிக்னல் அளவு, இடக் குறி (டர்பன் என்றால் கேஜி50), முடிந்தது. சொந்தமாக ஏதாவது சொல்ல நினைத்தால் 13 எழுத்துக்குமேல் இடம் கிடையாது. இருநூறு நாடுகளைச் சேர்த்தாலும் ஒருவரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. இன்றைக்கு எந்தத் திசை திறந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு நான் தினமும் போடுகிறேன், பார்த்துவிட்டு வேறு முறைக்குப் போய்விடுகிறேன். இதை மட்டுமே செய்தவர்கள் சீக்கிரம் சலித்து ரேடியோவை விற்றதை நான் பார்த்திருக்கிறேன்.

செயற்கைக்கோள் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வரப்பிரசாதம். கத்தாரின் எஸ்ஹைல்-2 செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென்று கியூஓ-100 என்ற பகுதி 2019 பிப்ரவரியிலிருந்து வேலை செய்கிறது. அது பூமத்திய ரேகைக்கு மேல், கிழக்கு 25.9 டிகிரியில், நகராமல் நிற்கிறது. டர்பனிலிருந்து பார்த்தால் வடக்கே, லேசாக மேற்கே சாய்ந்து, வானத்தில் 55 டிகிரி உயரம், அதனால் மதிலும் மரமும் மறைப்பது அபூர்வம். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, இந்தியா எல்லாம் அதன் பார்வைக்குள் வருகின்றன. பழைய டிவி டிஷ் ஒன்றைத் திருப்பி வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் சில வாட் அனுப்பினால், 10 கிகாஹெர்ட்ஸில் திரும்பி வரும். மின்வேலி, இன்வெர்ட்டர் இரைச்சல் அவ்வளவு உயர்ந்த அலைவரிசையைத் தொடவே தொடாது, சூரியப் புள்ளியைப் பற்றிய கவலையும் கிடையாது. போய்வரும் தூரம் எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்பதால் உங்கள் குரலே கால் விநாடி கழித்து உங்களுக்குக் கேட்கும், முதல் வாரம் பேச்சு தடுமாறும், பிறகு பழகிவிடும். தமிழ்நாட்டோடு தினமும் குறித்த நேரத்தில் தமிழில் பேச வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் ஆசை என்றால், கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள், 20 மீட்டர்கூட இதற்கு அடுத்துதான்.

அப்படியானால் ஏன் நான் இதை முதலிடத்தில் வைக்கவில்லை? ஒன்று, அனுப்பும் கருவி, ரிசீவர், கம்ப்யூட்டர் என்று பல சாமான்கள் ஒத்துழைக்க வேண்டும், ஒன்று படுத்தால் எல்லாம் படுத்துவிடும். இரண்டு, எந்தச் செயற்கைக்கோளுக்கும் ஆயுள் உண்டு. இருபது வயதுப் பையனின் ஆயுளுக்கு அது வராது. தினமும் தவறாமல் கிடைக்கிற ஒன்றில் காத்திருக்கும் சுகமும் போய்விடுகிறது, இது என் சொந்த ருசி, ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சரி.

மோர்ஸுக்கு வருகிறேன், எழுத்துகளைக் குறில், நெடில் ஓசைகளாகத் தட்டி அனுப்பும் பழைய தந்தி முறை. 2003இல் உலக அளவில் அது கட்டாயம் இல்லை என்று விதி மாறியபோது எனக்கே இனி யார் படிக்கப் போகிறார்கள் என்று தோன்றியது. இன்றைக்கு எந்த மாலையும் 7 மெகாஹெர்ட்ஸின் அடிப்பகுதியைச் சுற்றிப் பாருங்கள், ஆள் இருக்கிறார்கள். காரணம் எளிது. குரலுக்குத் தேவையான அகலத்தில் பத்தில் ஒரு பங்கு ஃபில்டர் இதற்குப் போதும், அதனால் இரைச்சலிலும் பத்தில் ஒரு பங்குதான் காதுக்கு வருகிறது, 5 வாட்டில் கடல் தாண்டலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் பக்கம் கரண்டும் தண்ணீரும் இல்லாமல் கிடந்த நாட்களில் நான் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரியில் இரவுதோறும் சாவியை (மோர்ஸ் தட்டும் கட்டையை) தட்டிக்கொண்டிருந்தேன், பேட்டரி தீரவே இல்லை. காதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, மோர்ஸுக்கு ஒரே ஒரு சுருதி போதும், அதை 500 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, நமக்கு நன்றாகக் கேட்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். எண்பதைத் தாண்டி, போனில் பேசினால் பாதி புரியாத பெரியவர்கள் மோர்ஸில் நிமிடத்துக்கு 25 வார்த்தை எடுப்பதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குறை? படிக்க ஆறு மாதம் பொறுமை வேண்டும். தமிழில் அளவளாவ முடியாது, ஆங்கில எழுத்தில் "வணக்கம்" தட்டுவதோடு சரி. இந்தக் குறை எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அதனால்தான் என் வரிசை இப்படி: அடித்தளத்துக்கு மோர்ஸ், தமிழ் பேச வசதி வரும்போது செயற்கைக்கோள், சூரியன் நன்றாக இருக்கும் வருடங்களில் குரல், திசை பார்க்க எஃப்டி8. அம்பது வயதுக்கு மேல் தொடங்குகிறவராக இருந்து ஊர்ப் பேச்சுதான் முக்கியம் என்றால் செயற்கைக்கோளை முதலில் எடுங்கள், அது தப்பே இல்லை.

பையனிடம் ஒன்றும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மோர்ஸ், குரல் இரண்டும் போகும் என் பழைய 20 வாட் ரேடியோவையும் ஒரு சாவியையும் எடுத்துக்கொடுத்தேன். சனிக்கிழமை காலை வருகிறான். முதல் வாரம் கே, எம் இரண்டு எழுத்து மட்டும், ஆனால் ஆரம்பத்திலேயே முழு வேகத்தில். புள்ளி, கோடு என்று எண்ண விடக் கூடாது, ஓசையாகத்தான் காதில் ஏற வேண்டும்: டா-டிட்-டா, டா-டா.