பேக்-12 உடைந்த பிறகு: எந்தக் கல்லூரி ரசிகருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் கான்ஃபரன்ஸ் என்பது மாநாடு இல்லை. ஒரே லீக்கில் ஆடி, டிவி வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டு. இங்கே ஆட்டம் என்றால் பெரும்பாலும் அமெரிக்க ஃபுட்பால்; நம் கால்பந்து அல்ல. மேற்குக் கரையில் 1915-இல் தொடங்கிய பரம்பரையில் வந்த பேக்-12 என்ற கூட்டு, 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து கல்லூரிகளை இழந்தது. ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென் என்ற கூட்டுக்குப் போயின. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற இன்னொரு கூட்டுக்கு. லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென் போவதாக 2022 ஜூனிலேயே சொல்லிவிட்டன. கொலராடோ ஒரு வாரம் முன்னால் பிக் 12-க்குக் கிளம்பியிருந்தது. செப்டம்பர் 1-இல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏ.சி.சி. என்ற கூட்டுக்குப் போயின. ஏ.சி.சி.யின் முதல் எழுத்து அட்லாண்டிக் கரையைக் குறிக்கிறது. இந்த இரண்டு கல்லூரிகளும் பசிபிக் கரையில் இருக்கின்றன. மிஞ்சியவை ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும்.

ஒரே வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பி, ஆளுக்கொரு வழியில் போனவர்கள். எந்த வழி தேவலை என்று ஒப்பிட இதைவிட வசதியான உதாரணம் கிடைக்காது. அரிசோனா ஸ்டேட்டிலும் யு.எஸ்.சி.யிலும் எம்.எஸ். முடித்த தமிழர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இது சொந்த வீட்டுச் சமாச்சாரம்.

எதை வைத்து அளப்பது

இந்த மாற்றங்களைப் பெரும்பாலும் பணத்தை வைத்தே எடை போடுகிறார்கள். 2022-இல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றுடனும் பிக் டென் போட்ட ஏழு வருட ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல். பேக்-12-இன் கதை நேர் எதிர். 2012-இல் கூட்டாளி யாரும் இல்லாமல் முழுக்கச் சொந்தமாக ஒரு டிவி நெட்வொர்க் தொடங்கியது. டைரக்டிவி என்ற சாட்டிலைட் டிவி நிறுவனம் கடைசிவரை அதைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. அணி ஜெயிப்பதைப் பார்க்க விடுதியில் டிவி தேடிய ரசிகர்கள் ஏராளம். 2023 கோடையில் மேஜைமேல் இருந்தது, சந்தா எண்ணிக்கையைப் பொறுத்து ஏறும் ஆப்பிள் ஸ்ட்ரீமிங் ஒப்பந்தம் மட்டும்தான். அதை நம்ப மனமில்லாமல் ஆள் ஆளுக்குக் கிளம்பினார்கள்.

ஆனால் ரசிகரின் கைக்கு அந்தப் பணம் வராது. அவருக்கு முக்கியமானவை மூன்று: பழைய எதிரி வருடாவருடம் வருகிறானா, வெளியூர் ஆட்டத்துக்குக் காரில் போக முடியுமா, அணி ஜெயிக்கிறதா. இந்த வரிசையில்தான் நாங்கள் மதிப்பெண் போடுகிறோம். படித்த கல்லூரியின் மேல் இருக்கும் பாசத்தில் பாதி, பக்கத்து ஊர்க்காரன் மேல் இருக்கும் கடுப்புதான். தமிழில் இதற்கென்றே 'பங்காளி' என்று ஒரு சொல் இருக்கிறது. பங்கு கேட்பவனும் அவன்தான், சண்டை போடுபவனும் அவன்தான். கான்ஃபரன்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் கிடையாது.

ஒரு கணக்கு. 12 கல்லூரி இருந்த பேக்-12-இல் எதிரிகள் 11 பேர், கான்ஃபரன்ஸ் ஆட்டம் 9. ஒரு வருடத்தில் தவறுபவர்கள் இரண்டே பேர். பிக் டென்னில் இப்போது 18 கல்லூரி. பெயரைப் பார்த்து எண்ண வேண்டாம். எதிரிகள் 17 பேர், ஆட்டம் அதே 9. ஒரு பங்காளிக்கு நிரந்தர இடம் கொடுத்துவிட்டால், மீதி 16 பேருக்கு இடம் எட்டு. சராசரியாக ஒருவனை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பார்க்கலாம். அவன் நம் மைதானத்துக்கு வருவது நாலு வருடத்துக்கு ஒரு முறை. இளங்கலைப் படிப்பு முழுவதிலும் ஒரே தடவை. அப்படிப்பட்டவன் மேல் எங்கே வெறுப்பு வளரும்? அவன் பங்காளி இல்லை, சம்பந்தி.

வாஷிங்டன் – வாஷிங்டன் ஸ்டேட்

ஒரே மாநிலம். ஒன்று சியாட்டிலில், மற்றது 460 கிலோமீட்டர் கிழக்கே கோதுமை வயல்களுக்கு நடுவில் புல்மன் என்ற சிற்றூரில். இருவரும் மோதும் ஆப்பிள் கப் 1900-இல் தொடங்கியது. நவம்பர் கடைசியில், குளிரில், சீசனின் முடிவு ஆட்டமாக நடப்பது வழக்கமாக இருந்தது.

வாஷிங்டன் பிக் டென்னில் கிட்டத்தட்ட அரைப் பங்குக்கு ஒப்புக்கொண்டு சேர்ந்தது: வருடத்துக்கு சுமார் 3 கோடி டாலர், அதற்குப்பின் ஆண்டுக்கு 10 லட்சம் கூடும். சேர்வதற்கு முந்தைய சீசனில் அது பேக்-12-இன் கடைசி சாம்பியன், தேசிய இறுதி ஆட்டம்வரை போன அணி. அது முடிந்ததும் பயிற்சியாளர் அலபாமாவுக்குப் போய்விட்டார். பிக் டென்னின் முதல் வருடம் 6 வெற்றி, 7 தோல்வி.

வாஷிங்டன் ஸ்டேட்டுக்குக் கூட்டின் பெயரும் கஜானாவும் மிஞ்சின. நிர்வாகக் குழு யாருக்கு என்று நீதிமன்றம் போய், மிஞ்சிய இரண்டு கல்லூரிகளும் ஜெயித்தன. வெளியேறிய பத்தும் சேர்ந்து 6.5 கோடி டாலரை விட்டுக்கொடுத்தன. ஆனால் ஆட்கள் நிற்கவில்லை. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கேம் வார்ட் மயாமி கல்லூரிக்குப் போனார். அடுத்து வந்த ஜான் மட்டீர் ஒரே சீசன் ஆடிவிட்டு ஓக்லஹோமாவுக்கு. பயிற்சியாளர் வேக் ஃபாரஸ்ட் கல்லூரிக்கு.

இனி ஆப்பிள் கப்பைப் பாருங்கள். பிக் டென் அட்டவணை அக்டோபர், நவம்பரை விழுங்கிவிடும். சீசனின் 12 ஆட்டத்தில் 9 போக மிச்சம் மூன்று; அவற்றுக்குச் செப்டம்பரில்தான் இடம் இருக்கும். அதனால் 2024-இல் ஆட்டம் செப்டம்பர் 14 அன்று, சியாட்டிலின் தொழில்முறை மைதானமான லூமன் ஃபீல்டில் நடந்தது. குளிரும் இல்லை, கல்லூரி வளாகமும் இல்லை. பாதி ருசி அங்கேயே போயிற்று என்று நினைத்திருந்தோம். கடைசி நிமிடங்களில் வாஷிங்டன் ஐந்து புள்ளி பின்தங்கி, எல்லைக்கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம் முன்னால், நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் நின்றது. குவார்ட்டர்பேக் பக்கவாட்டில் ஓடி, பந்தோடு ஓடுவதையே வேலையாகக் கொண்ட ரன்னிங் பேக்குக்குப் பந்தைத் தள்ளினார். கோட்டைத் தொடுமுன் அவரை அமுக்கிவிட்டார்கள். 24-19. அரைப் பங்காளி தோற்று, பங்கே இல்லாதவன் ஜெயித்தான். புல்மன்காரர்கள் இதைச் சொல்லியே பல வருடம் ஓட்டுவார்கள்.

இந்த ஆட்டத்துக்கு ஒப்பந்தம் 2028 வரை. பங்காளியைக் கைவிடாத வகையில் இரு தரப்புக்கும் இதில் நல்ல மதிப்பெண் தரலாம். ஓக்லஹோமா எஸ்.இ.சி. என்ற கூட்டுக்குப் போனபோது, ஓக்லஹோமா ஸ்டேட்டுடனான பெட்லம் ஆட்டம் 2023 நவம்பரோடு நின்றுபோனதை நினைத்தால் இது பெரிய விஷயம்.

தூரத்தில் புல்மனுக்கே லாபம். பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட் ஆகியவற்றைச் சேர்த்து 2026 ஜூலை 1 முதல் புது பேக்-12. உயர்மட்டக் கூட்டுக்கு எட்டு ஃபுட்பால் அணி கட்டாயம். டெக்சஸ் ஸ்டேட் வந்துதான் அந்தக் கணக்கு முடிந்தது. ஃபுட்பால் அணி இல்லாத, கூடைப்பந்தில் பேர்போன கன்ஸாகா கல்லூரியும் உண்டு. அது இருக்கும் ஸ்போகேன் புல்மனிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். கூடைப்பந்து ரசிகருக்கு இது தீபாவளி.

சியாட்டில் ரசிகருக்கோ வெளியூர் ஆட்டம் என்றால் விமான டிக்கெட். நியூஜெர்சியின் ரட்கர்ஸ் 3,800 கிலோமீட்டருக்கு மேல்.

பிக் 12-க்குப் போன நால்வர் – ஏ.சி.சி.க்குப் போன இருவர்

எங்கள் கணக்கில் முதலிடம் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா, கொலராடோ நான்குக்கும். முதல் நாளிலிருந்தே முழுப் பங்கு. அரிசோனாவும் அரிசோனா ஸ்டேட்டும் மோதும், 1899-இல் தொடங்கிய டெரிட்டோரியல் கப் கூடவே வந்தது. அரிசோனா ஸ்டேட் இருக்கும் டெம்பியிலிருந்து அரிசோனா இருக்கும் டூசான் இரண்டு மணி நேரக் கார் பயணம். யூட்டாவுக்கு போனஸ்: 2010-க்குப் பிறகு அதன் கூட்டில் இல்லாத பழைய எதிரி, ப்ரோவோவில் இருக்கும் பி.ஒய்.யு. கல்லூரி, இப்போது அதே கூட்டில். சால்ட் லேக் சிட்டியிலிருந்து ப்ரோவோ 70 கிலோமீட்டர்தான். 2024-இல் பி.ஒய்.யு. 22-21 என்று ஜெயித்தது. ஒரு புள்ளித் தோல்வி வயிற்றெரிச்சலுக்கு நல்ல உரம். கொலராடோ 2011-இல் விட்டுவந்த வீட்டுக்கே திரும்பியிருக்கிறது.

2024 சீசனுக்கு முன் நிருபர்கள் யூட்டாவை முதலிடத்திலும் அரிசோனா ஸ்டேட்டைக் கடைசி, அதாவது 16-ஆவது இடத்திலும் வைத்தார்கள். யூட்டா 5-7 (5 வெற்றி, 7 தோல்வி) என்று முடித்தது. அரிசோனா ஸ்டேட் அயோவா ஸ்டேட்டை 45-19 என்று அடித்து சாம்பியன் ஆனது. பிக் டென்னில் இப்படி நடப்பது அரிது. அங்கே ஒஹாயோ ஸ்டேட்டும் பென் ஸ்டேட்டும் வழியில் உட்கார்ந்திருக்கின்றன. விதிவிலக்கு ஒரிகன். முதல் வருடமே 13-0 என்று பிக் டென் பட்டம் வாங்கியது. ஆனால் நைக்கி நிறுவனர் ஃபில் நைட் அதன் முன்னாள் மாணவர். அரைப் பங்கின் பள்ளத்தை நிரப்ப எல்லாக் கல்லூரிக்கும் அப்படி ஒருவர் அமைவதில்லை.

ஏ.சி.சி.க்குப் போன ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் நேர் எதிர் ஓரம். டிவி பணத்தில் முதல் ஏழு வருடத்துக்கு 30 சதவீதப் பங்குதான். இருவரும் மோதும், 1892 முதல் நடக்கும் பிக் கேம் பிழைத்தது, யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. இரண்டும் ஆண்டுதோறும் வந்த காலம் போயிற்று. பயணச்சுமை யார் தலையில் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபுட்பால் அணிக்கு வருடத்தில் வெளியூர் ஆட்டம் ஐந்தாறு, தனி விமானம். வாலிபால் அணிக்கு வாரம் இரண்டு ஆட்டம், சாதாரண விமானம், நடுவில் வகுப்பு. இதைச் சமாளிக்க ஒரே பயணத்தில் இரண்டு கல்லூரிகளுடன் ஆடிவிட்டுத் திரும்புகிறார்கள். முடிவு எடுக்க வைத்தது ஃபுட்பால் பணம், முதுகு வலிப்பது மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் பட்டங்களில் முதலிடத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு அந்தப் பெயரை எடுத்ததே இந்த மற்ற விளையாட்டுகளில்தான்.

இருந்தும் பெர்க்லிக்கு ஒரு ராத்திரி கிடைத்தது. 2024 அக்டோபர் 5, இ.எஸ்.பி.என். சேனல் வாராவாரம் ஒரு வளாகத்திலிருந்து ஒளிபரப்பும் காலேஜ் கேம்டே நிகழ்ச்சி முதல்முறையாக அந்த வளாகத்துக்கு வந்தது. நேரலை அங்கே காலை 6 மணிக்கு. மாணவர்கள் விடியுமுன்பே திரண்டிருந்தார்கள். இரவு மயாமிக்கு எதிராக 35-10 என்று முன்னிலை. பிறகு ஒவ்வொன்றாக நழுவி 39-38 என்று தோல்வி. மயாமியின் குவார்ட்டர்பேக், புல்மனிலிருந்து போன அதே கேம் வார்ட்.

யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ.

முழுப் பங்கு, பெரிய மேடை, சுமாரான ஆட்டம். யு.சி.எல்.ஏ. 2024-இல் ஹவாயில் தொடங்கி லூசியானா, பென்சில்வேனியா, நியூஜெர்சி, நெப்ராஸ்கா, வாஷிங்டன் என்று பறந்து 5-7 என்று முடித்தது. கூடவே, கைவிட்ட பெர்க்லிக்கு மூன்று வருடம் ஆண்டுக்கு 1 கோடி டாலர் தர வேண்டும் என்று இரண்டுக்கும் பொதுவான பல்கலைக்கழக நிர்வாகக் குழு உத்தரவு. ஜீவனாம்சம் என்றே ரசிகர்கள் கேலி செய்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பங்காளிச் சண்டை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

கையைக் கடிக்கும் விஷயங்கள்

பணம் ரசிகருக்கு வராது என்றோம். அதில் ஒரு திருத்தம் உண்டு. 2025 ஜூலை முதல் கல்லூரி நேரடியாக வீரர்களுக்குச் சம்பளம் மாதிரி பங்கு தரலாம். முதல் வருட உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். முழுப் பங்கு வாங்கும் கல்லூரி இதை டிவி பணத்திலிருந்தே எடுத்துவிடும். மற்றவர்கள் சீசன் டிக்கெட்காரரிடமும் நன்கொடையாளரிடமும் வருவார்கள். நல்ல இருக்கைக்கு டிக்கெட் விலை போக 'நன்கொடை' என்று தனியாக ஒரு தொகை கேட்பார்கள். 2018 முதல் அதற்கு வருமானவரிக் கழிவு கிடையாது. பழைய நினைப்பில் கணக்குப் போட வேண்டாம்.

டிவியில், பிக் டென் ரசிகருக்கு மூன்று பெரிய சேனலும் பிக் டென் நெட்வொர்க்கும் பீகாக் ஸ்ட்ரீமிங் சந்தாவும் வேண்டும். ஏ.சி.சி. ஏறக்குறைய முழுக்க இ.எஸ்.பி.என். குடும்பம். புது பேக்-12 ஆட்டங்களில் தி சி.டபிள்யூ. சேனலில் வருபவற்றை மொட்டைமாடி ஆன்டெனாவிலேயே பிடிக்கலாம். சென்னைக்குத் திரும்பிவிட்ட முன்னாள் மாணவருக்கு மட்டும் கிழக்கே போனது வசதி. செப்டம்பர், அக்டோபரில் கிழக்குக் கரையின் மதியம் 12 மணி ஆட்டம் நமக்குச் சனி இரவு 9:30. பசிபிக் கரையின் இரவு 7:30 ஆட்டம் என்றால் ஞாயிறு காலை 8 மணி, காபியோடு. சியாட்டிலில் இருப்பவருக்கோ அந்த மதிய ஆட்டம் காலை 9 மணி.

பல வருட இருக்கை ஒப்பந்தம் நீட்டினால் தேதியைப் பாருங்கள். பிக் டென்னின் டிவி ஒப்பந்தம் 2029-30 சீசனோடு முடிகிறது. ஏ.சி.சி.யை விட்டு வெளியேறும் கட்டணம் வருடாவருடம் இறங்கி 2030-31-இல் 7.5 கோடி டாலருக்கு வருகிறது. அடுத்த கலைப்பு அந்த ஒன்றிரண்டு வருடத்துக்குள்தான் வரும் என்பது எங்கள் கணிப்பு. 2029-ஐத் தாண்டி முன்பணம் கட்ட வேண்டாம்.