அலோய் ரிம்மில் கீறல்: தேய்ப்பதா, ஸ்ப்ரே அடிப்பதா, லேத்துக்குக் கொடுப்பதா?

இலங்கை மலைநாட்டின் ஹட்டன், நுவரெலியா ரோட்டில் ஓடும் கார்களில் இடது பக்க ரிம்தான் அதிகம் அடிபடும். வளைவில் எதிரே பஸ் வந்தால் ரோட்டோரக் கான் கட்டை உரசிக்கொண்டு ஒதுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இன்று சரிசெய்த ரிம் அடுத்த மழைக்குள் மறுபடி உரசலாம். அதனால் எந்த முறை அழகாக இருக்கும் என்பதைவிட, எதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் கீறலின் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் சிக்காவிட்டால் கீறல் மேலே பூசிய கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. சிக்கினால் பெயின்ட்டையோ அலுமினியத்தையோ தொட்டுவிட்டது.

நகம் சிக்காத கீறலுக்கு ரப்பிங் கம்பவுண்ட் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) போதும். பிரேக் தூசியை நன்றாகக் கழுவிவிட்டுத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தூசியே புதுக் கீறல் போடும். ரம்பொடை இறக்கம் இறங்கி வந்தால் பிரேக் சூட்டில் ரிம்மும் சுடும், வந்த கையோடு தண்ணீர் அடிக்காமல் அது ஆறும்வரை பொறுங்கள். கிளியர் கோட் மெல்லிய படலம்தான், ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அது போய்விடும். மேட் கறுப்பு ரிம்மென்றால் கம்பவுண்டைத் தொடவே வேண்டாம், தேய்த்த இடம் மட்டும் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும். பற்பசையும் இதே வேலையை அரைகுறையாகச் செய்யும், அதைப் பல்லுக்கே வைத்துக்கொள்ளலாம்.

நகம் சிக்கினால் சேண்ட் பேப்பரும் ஸ்ப்ரே டின்னும்தான். 400ஆம் இலக்கத் தாளில் விளிம்பைச் சமப்படுத்தி, 800இல் மழுக்கி, பிரைமர், கலர், கிளியர் என்று மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். சாதாரண சில்வர் ரிம்மில் இரண்டடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது. மலைநாட்டில் இதைக் கெடுப்பது கையல்ல, காற்றின் ஈரம். மிஸ்ட் இறங்கும் நேரத்தில் கிளியர் அடித்தால் காயும்போதே பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், குளிரில் காயவும் நேரமெடுக்கும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வசதியான காலம். மேற்கே தென்மேற்கு மழை கொட்டும் ஜூலை, ஆகஸ்ட்டில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வெயிலடிக்கும். ஹட்டன் பக்கத் திம்புள்ளயிலும் பண்டாரவளைப் பக்க ஊவாவிலும் நல்ல தேயிலை கிடைக்கிற மாதங்களும் இவையேதான்!

பவுடர் கோட்டிங் (தூளைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு) இதைவிட உறுதி, கல் தெறித்தாலும் தாங்கும். ஆனால் டயரைக் கழற்றி, பழைய பெயின்ட்டை முழுதாக உரித்து, ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூட்டில் வேகவைக்க வேண்டும். நிறம் அப்படியே பொருந்தாது என்பதால் நான்கையும் செய்ய நேரும். ஒற்றைக் கீறலுக்கு இது அதிகம். நான்கு ரிம்மும் நொந்துபோயிருந்தால் சரி.

முகப்பு பளபளவென்று கடைந்த டைமண்ட் கட் ரிம்களில்தான் சிக்கல். அவற்றில் ஸ்ப்ரே அடித்தால் ஒட்டுப் போட்டது தெரியும், பழைய தோற்றம் லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், கடைந்தால்தான் திரும்பும். ஒவ்வொரு முறை கடையும்போதும் உலோகம் கொஞ்சம் போகிறது, சில தடவைக்குமேல் கடைய முடியாது. போதாததற்கு, கிளியர் பெயர்ந்த இடத்தில் ஈரம் புகுந்து, அடியில் வெள்ளை நூல்கள்போல் அரிப்பு ஓட ஆரம்பிக்கும். வருடத்தில் பாதி நாள் நனைகிற ரோட்டில் இந்த ரிம்மை வைத்திருப்பவர்கள், அடுத்த முறை கடையாமல் ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

வெடிப்பு, நெளிவு, காற்று இறங்குவது போன்றவை இருந்தால் பொலிஷும் பெயின்ட்டும் பிறகுதான், முதலில் ரிம்மை டயர் கடையில் காட்டுங்கள்.

எந்தப் பூச்சானாலும், நட் உட்காரும் குழியிலும் ஹப்பில் (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதியில்) ஒட்டும் பின்பக்கத்திலும் படாதபடி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அங்கே பெயின்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி நட் தளரும். பூட்டி 50 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் கடுகண்ணாவ இறக்கத்தில் இறங்குங்கள்.